மூக்குக்காரன் பெஞ்சு

மாலை வகுப்பு முடிந்து நான் கதவைத் திறந்தபோது வீடு முழுக்கக் கருகல் வாடை. அக்காள் கெஸாயா அடுப்பில் பன்றிக்கொழுப்பைப் போட்டுவிட்டுக் கொல்லையில் துணி எடுக்கப் போயிருந்தாள். சட்டியிலிருந்து கரும்புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே, முதுகை அதற்குக் காட்டியபடி, அவள் கணவர் ஜேபஸ் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"வாடா எனோஸ். இன்னிக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்றார் நிமிர்ந்து.

நான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினேன். அப்போதுதான் அவர் திரும்பிப் புகையைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் மூக்கைச் சுளித்தார்.

வேறொருவராக இருந்தால் யோசனையில் இருந்திருப்பார் என்று விட்டிருப்பேன். ஆனால் ஜேபஸ் ஆர்கில்தான் 'வார்டில்' என்ற பீர் ஆலையின் மூக்குக்காரர்.

இங்கிலாந்தில் எங்கள் பர்ட்டன் ஊரில் எந்த ஆலையானாலும் மூக்குக்காரர் இல்லாமல் ஒரு பீப்பாயும் நிரம்பாது. ஊர் ஊராகப் போய்த் திரும்பிவரும் பீப்பாய்களைக் கொதிநீர் விட்டுக் கழுவி, நீராவி பாய்ச்சி, ஆறவைத்து வரிசையாக உருட்டிவருவோம். அவர் பெஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, பீப்பாயின் வாய்த்துளையில் மூக்கை வைத்து ஒரே ஒரு மூச்சு இழுப்பார். தலையசைத்தால் அது நிரப்பப் போகும். சாக்கட்டியால் குறுக்குக் கோடு போட்டால் மறுபடியும் நீராவிக்கு வரும். அவர் முடிவுக்கு மேல் பேச்சு கிடையாது. அவருக்காக எங்கள் வீட்டில் வெங்காயம் இல்லை, ஊறுகாய் இல்லை, புகையிலை இல்லை.

உள்ளூர்ச் சரக்கு என்றால் மூக்கு கொஞ்சம் தவறினாலும் பாதகமில்லை. மரத்தில் ஒட்டியிருக்கும் லேசான புளிப்பு வளர்வதற்குள் பர்ட்டன்காரர்கள் குடித்து முடித்துவிடுவார்கள். மெட்ராஸ் சரக்கு அப்படியல்ல. குளிர்காலத்தில் நிரப்பி, கோடை முழுக்க முற்றத்தில் வைக்கோல் மூடி அடுக்கிவைப்போம். வெயிலில் அது உள்ளுக்குள்ளேயே இன்னொரு முறை பொங்கி அடங்க வேண்டும். பிறகு ரயிலில் லிவர்பூல், அங்கிருந்து கப்பல். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமியின் வெப்பமான இடுப்பை இரண்டு முறை தாண்டிப் போய்ச் சேர வேண்டும். இங்கே ஒரு துளி நாற்றமாக ஏறியது அங்கே ஒரு பீப்பாய்க் காடியாக இறங்கும்.

எங்கள் ஆலைக்கு ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. மெட்ராஸ் ஏஜென்ட் சரக்கைத் துறைமுகத்திலேயே ஏலத்தில் தள்ளிவிட்டு, வார்டில் என்று பெயர் போட்ட பீப்பாய் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது பெஞ்சில் இருந்தவரை அன்றே அனுப்பிவிட்டு ஜேபஸை உட்கார்த்தினார்கள். ஆலை கொடுத்த வீடு பெஞ்சோடு சேர்ந்தது. பழைய மூக்குக்காரரின் குடும்பம் முன்வாசல் வழியாகக் கட்டிலை இறக்கிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் எங்கள் மேசையோடு தெருவில் நின்றோம். இந்தக் குளிர்காலத்தில்தான் அதே ஏஜென்ட் மனம் இளகி, ஒரு கப்பல் சரக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

கருகிய சட்டியைக் கெஸாயா தேய்த்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். நான் படுத்தபடி யோசித்தேன். நவம்பரில் ஜேபஸுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்துதானா? அல்லது நான்தான் ஒரு சட்டியை வைத்து ஒரு மனிதரின் பிழைப்பை எடைபோடுகிறேனா? எனக்கு எதையும் உடனே நம்ப வராது. என் கண்ணையும் சேர்த்து.

ஆகவே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நீராவிக் கொட்டகையில் என் வேலை, ஆறிய பீப்பாயின் தற்காலிகத் தக்கையைப் பிடுங்கி அவர் முன்னால் உருட்டி விடுவது. முதல் ஆவி என் முகத்தில்தான் அடிக்கும். வேதியியல் வகுப்பில் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார்: சோதிப்பவன் தன் விருப்பத்தைச் சோதனைக்குள் விடக் கூடாது. அதனால் அந்த வாரம் முழுக்க ஜேபஸிடம் பேச்சுக் கொடுக்காமல், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, தக்கையைப் பிடுங்கினேன், முகர்ந்தேன், உருட்டினேன்.

செவ்வாயன்று ஒரு பீப்பாயில் பழந்துணியும் காடியும் கலந்த வாடை வந்தது. ஜேபஸ் குனிந்தார், இழுத்தார், தலையசைத்தார். அது நிரப்பப் போனது. கொஞ்சம் கழித்து ஓக் மரமும் வெந்நீரும் மட்டுமே மணக்கும் ஒன்றுக்குக் குறுக்குக் கோடு போட்டார். எனக்குத்தான் மூக்கு சரியில்லையோ என்று நினைத்தேன். கோடு போட்ட பீப்பாயை நீராவி காட்டாமல், கோட்டை மட்டும் துடைத்துவிட்டு, பிற்பகலில் மறுபடி உருட்டினேன். தலையசைத்தார். ஆறியதில் வாடை போயிருக்கலாம் என்று அதற்கும் ஒரு சமாதானம் இருந்தது. புதனும் வியாழனும் அதே கதை. வெள்ளிக்கிழமை எனக்குச் சமாதானங்கள் தீர்ந்துபோயின.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது ரயில் கேட் சாத்தியிருந்தது. பீர் ஏற்றிய சரக்கு வண்டி ஊருக்குக் குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"அத்தான்," என்றேன். "உங்களுக்கு வாசனை தெரியுதா?"

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல," என்றார். "காய்ச்சல் விட்ட அன்னிலேர்ந்து ஒண்ணும் இல்ல. சோப்பு, சாணி, உங்க அக்கா தலைமுடி, எல்லாம் ஒண்ணுதான். கண்ணாடி வழியா வெளிய பாக்குற மாதிரி இருக்குடா."

"அப்புறம் எப்படி ரெண்டு மாசமா..."

"எப்படின்னு உனக்குத் தெரியலயா?" அவர் என் பக்கம் திரும்பினார். "உன் மூஞ்சிய வச்சுத்தான். தக்கைய புடுங்குறப்ப நாத்தம் வந்தா உன் மேலுதடு ஏறும். செத்த எலிய மோந்த மாதிரி மூஞ்சிய ஆக்கிக்குவ. உனக்கே தெரியாது. நல்லதுன்னா ஏதாவது பேசிக்கிட்டே உருட்டுவ. அத பாத்துத்தான் நான் கோடு போட்டேன். ஒண்ணுகூட தப்பல. இந்த வாரந்தான் நீ திடீர்னு சவக்களையா நின்ன. பேச்சும் இல்ல, மூஞ்சியும் இல்ல. என்ன பண்ணுவேன்? குத்துமதிப்பா போட்டேன்."

வண்டி நகர்ந்துகொண்டேயிருந்தது. இரண்டு மாதமாக அவர் தவறவில்லை. அவரைத் தவறவைத்ததே என் சோதனைதான். அந்த வாரம் தப்பிப்போன கெட்ட பீப்பாய்கள் நிரம்பி, மற்றவற்றோடு மெட்ராஸ் அடுக்கில் நின்றன. எது எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பீர் ஊற்றிய பிறகு, கசப்புக்காக அதில் போடும் ஹாப்ஸ் பூவின் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும்.

"லாத்பரி ஐயாகிட்ட சொல்லிரலாம் அத்தான்," என்றேன். ஆலையில் பீர் காய்ச்சுவதும் ஆள் வைப்பதும் அவர் பொறுப்பு.

"சொல்லி?"

"வேற வேலை குடுப்பாரு."

"முன்னாடி இருந்தவனுக்குக் குடுத்தாரா? கட்டிலு எந்த வழியா போச்சுன்னு பாத்தல்ல நீயும்?" கேட் திறந்தது. அவர் நகரவில்லை. "டாக்டரு திரும்பி வரும்னாரு. வசந்தத்துக்குள்ள வந்துரும். அதுவரைக்கும் நீ பழையபடி இருடா. நான் உன்ன ஒண்ணும் செய்யச் சொல்லல. எப்பவும் போல மூஞ்சிய வச்சுக்க. அவ்வளவுதான்."

ஆனால் தெரிந்த பிறகு யாரால் எப்போதும் போல முகத்தை வைத்துக்கொள்ள முடியும்?

ஞாயிறு தேவாலயத்திலிருந்து வரும்போது கெஸாயா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஜேபஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"புருஷனுக்கு மூக்கு போனது பொண்டாட்டிக்குத் தெரியாதா? அவரு உன்கிட்ட கேக்க வெக்கப்பட்டாரு. நாந்தான் கேளுங்கன்னேன், கேக்கல. நீயா வந்து நோண்டிட்ட." அவள் மூச்சு வாங்கினாள். "நாளைக்கு என்ன நாளுன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மறுநாள் உழவுத் திங்கள், கிறிஸ்துமஸ் முடிந்து உழவு தொடங்கும் நாள். வயல்காட்டுப் பையன்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு தெருத்தெருவாகக் கலப்பையை இழுத்து வருவார்கள். வார்டில் ஆலையில் அன்றைக்கு வேறு வழக்கம். லாத்பரி ஐயா, நல்ல பீப்பாய்களின் வரிசையில் ஒரு கெட்டதை ஒளித்துவைப்பார். எல்லோரும் சுற்றி நிற்க, மூக்குக்காரர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அவருக்கு ஒரு ஜாடி நன்றாக முதிர்ந்த பழைய பீர். தவறியவர் இதுவரை யாரும் இல்லை என்பதால் அது விளையாட்டாகவே இருந்துவந்தது.

"உன்ன யாரும் பொய் சொல்லச் சொல்லல," என்றாள் கெஸாயா. "நாத்தம்னா மூக்க சுளிக்கிறது மனுஷன் செய்யறதுதானே. அத செஞ்சா போதும்."

"அப்புறம் வசந்தம் வரைக்கும் நானே மூக்குக்காரனா? நான் கத்துக்கல அக்கா. எனக்குத் தப்பிடுச்சுன்னா? அது அடுத்த வருஷந்தான் தெரியும். மெட்ராஸ்ல தெரியும்."

"மெட்ராஸ்!" என்றாள். "அங்க எவன் குடிக்கிறான், எவன் துப்புறான்னு எனக்கென்னடா? எனக்கு மார்ச்சுல புள்ள பெத்துப் படுக்க ஒரு கூரை வேணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

திங்கள் காலை கொட்டகையில் கூட்டம். பீப்பாய் கட்டும் நோவா ஸ்பூனர் கவிழ்த்த வாளி மேல் ஏறி நின்று ஏலக்காரன் மாதிரிக் கத்தினான்.

"பாருங்கய்யா பாருங்க, பர்ட்டன் பெரிய மூக்கு! இன்னிக்குத் தப்பிச்சுன்னா உப்பு போட்டு மெட்ராஸுக்குக் கப்பலேத்திருவோம்!"

"உன் வாய முதல்ல ஏத்துறோம். அடுத்த ஊருக்கே கேக்குது," என்றார் ஜேபஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விரல்கள் சாக்கட்டியை உருட்டிக்கொண்டே இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

லாத்பரி ஐயா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஆரம்பிக்கலாம்பா," என்றார்.

முதல் பீப்பாய் மரமும் வெந்நீரும். உருட்டினேன். ஜேபஸ் என்னைப் பார்த்தார், குனிந்தார், தலையசைத்தார். இரண்டாவதும் அப்படியே. அடுத்ததன் தக்கையைப் பிடுங்கியபோது ஏதோ இருந்தது, பெரிதாக இல்லை. மழையில் நனைந்த கம்பளி மாதிரி. அதுவா இது? அல்லது கொட்டகையில் நிற்கும் ஆட்களின் கோட்டு வாசனையா? ஜேபஸின் கண்கள் என் முகத்தில் இருந்தன. அவரிடம் கொடுப்பதற்கு என்னிடம் ஒரு முகம் இல்லை. நான் வேகமாக உருட்டிவிட்டேன். அவர் தயங்கினார், நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு தலையசைத்தார். லாத்பரி ஐயா அடுத்ததை உருட்டும்படி கை காட்டினார். அது நல்ல பீப்பாய்தான். அப்படியானால் என் மூக்கு சொன்னது தவறு.

நாலாவது சுத்தமாக இருந்தது. ஐந்தாவதில் சந்தேகமே வரவில்லை. அழுகிய ஆப்பிள். என் மேலுதடு தானாக ஏறியதை நானே உணர்ந்தேன். ஜேபஸ் குனிந்து, ஒரு மூச்சு இழுத்து, வேண்டுமென்றே முகத்தைக் கோணிக்கொண்டு பின்வாங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பெரிய குறுக்குக் கோடாகப் போட்டார்.

கொட்டகை அதிர்ந்தது. நோவா வாளியிலிருந்து குதித்து ஜேபஸின் மூக்குக்கு முத்தம் கொடுக்கப் போனான். யாரோ ஜாடியைக் கையில் திணித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முடிந்தது, வீடு தப்பியது, வசந்தம் வரும் என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது.

லாத்பரி ஐயா தொப்பியை எடுத்துக்கொண்டார். "நல்லது ஜேபஸ். போன வாரம் நிரப்புனதுல நாலஞ்ச திறந்து ருசிச்சுப் பாக்கலாம்னு முத்திரை போடாம நிறுத்தி வச்சிருந்தேன், காய்ச்சலுக்கு அப்புறம் எப்படி இருக்கியோன்னு. இனிமே எதுக்கு? நோவா, அதுக்கெல்லாம் மெட்ராஸ் முத்திரைய சுட்டுருங்க."

நோவா, "சரிங்கய்யா," என்று திரும்பினான்.

"வேண்டாங்கய்யா," என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன வேண்டாம்?"

"போன வாரத்துது. அதுல கெட்டது இருக்கு."

"உனக்கெப்படிப்பா தெரியும்?"

"நான் மோந்தேன். தக்கைய புடுங்குறப்ப."

"ஜேபஸ் பாத்துத்தானே விட்டாரு?"

நான் ஜேபஸைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "அவருக்கு வாசனை தெரியாதுங்கய்யா. என் மூஞ்சிய பாத்துத்தான் கோடு போடுறாரு. இப்ப போட்டதும் அப்படித்தான்."

நோவா சிரித்தான். புது வேடிக்கை என்று நினைத்துவிட்டான். மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான். லாத்பரி ஐயா சட்டைப்பையிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்தார். "ஜேபஸ், கண்ண மூடிக்க. என் கையில என்ன இருக்குன்னு சொல்லு."

ஜேபஸ் கண்ணை மூடவில்லை. ஜாடியைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"வேணாங்கய்யா. பையன் சொல்றது நெசந்தான்."

அதன் பிறகு யாரும் சத்தம் போடவில்லை என்பதுதான் கொடுமை. ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலைக்கு நகர்ந்தார்கள். தெருவில் கலப்பைப் பையன்களின் மேளம் கேட்டது. போன வார அடுக்கு முழுவதையும் உள்ளூர்ச் சரக்காக மாற்றும்படி லாத்பரி ஐயா சொன்னார். மாதம் முடிவதற்குள் பர்ட்டன் சாராயக்கடைகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு பீப்பாய்கூடக் கொட்டப்படவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது.

"காய்ச்சல் விட்டதும் என்கிட்ட வந்து சொல்லியிருந்தா ரெண்டு மாசம் வேற வேலையில வச்சிருப்பேனே ஜேபஸ்," என்றார் அவர்.

"இருக்கலாங்கய்யா," என்றார் ஜேபஸ்.

அவர் அப்படி வைத்திருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் எதற்காக வாயைத் திறந்தேன் என்பதும் தெளிவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நனைந்த கம்பளிப் பீப்பாய் என்னை மிரட்டிவிட்டது. வசந்தம் வரை ஒவ்வொன்றையும் என் முகம் தீர்மானிக்கும், குற்றமோ அவர் தலையில் விழும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அது பயம்தான். இரண்டும் எந்த அளவில் கலந்திருந்தன என்று பிரித்துப் பார்க்க எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

பிற்பகலில் லாத்பரி ஐயா என்னை அழைத்தார். "கெட்டத கண்டுபுடிச்சது உன் மூக்குதானே? நாளையிலேர்ந்து நீ உக்காரு. மெட்ராஸ் சரக்கு காத்துக்கிட்டு இருக்காது."

"எனக்கு இன்னும் சரியா தெரியாதுங்கய்யா. இன்னிக்கே ஒண்ணு தப்பா தோணுச்சு."

"ஒண்ணுதானே? உக்காரு."

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மேசையில் மூவருக்கும் சூப் இருந்தது, மூவரும் தொடவில்லை. நான் மறுத்ததைச் சொன்னதும் ஜேபஸ் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"பைத்தியமாடா நீ? வேத்தாள் உக்காந்தா வீடு அவனுக்குப் போயிரும். நீ உக்காந்தா வீடு உன் பேருக்கு வரும், உங்க அக்கா இங்கயே இருப்பா. போய் உக்காரு."

"நீங்க?"

"ஆலை நிலக்கரி முற்றத்துல ஆள் எடுக்குறாங்க. அங்க மூக்கு இல்லாம இருக்கறது வசதி."

கெஸாயா எழுந்து மாடிக்குப் போனாள். படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள்.

நான் ஜேபஸின் எதிரே உட்கார்ந்தேன். "அத்தான், ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு மூணாவதுல ஈரக் கம்பளி மாதிரி ஒண்ணு வந்துச்சு. ஆனா அது நல்ல பீப்பாய். அந்த வாசனை மரத்தோடதா, நீராவியோடதா? எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கறது?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மூக்கில்லாதவன்கிட்ட வந்து கேக்குறியே," என்றார். "அத்தன பேரு முன்னாடி அவ்வளவு உறுதியா சொன்னல்ல? அதே உறுதியோட மோந்து பாரு."

மறுநாள் காலை பெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். தக்கை பிடுங்க வேறொருவனைப் போட்டிருந்தார்கள். முதல் பீப்பாய் வந்தது. குனிந்து மூச்சை இழுத்தேன். மரம், வெந்நீர். அதற்கும் அடியில் ஏதோ இருந்தது. இருந்த மாதிரி இருந்தது. கோடு போட்டேன். இரண்டாவதிலும் அதே. கோடு போட்டேன். மூன்றாவதிலும் போட்டபோது நோவா பின்னாலிருந்து, "இந்த வேகத்துல மெட்ராஸ்காரன் தாகத்துலயே செத்துருவான்டா," என்றான். சிலர் சிரித்தார்கள். லாத்பரி ஐயா கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த பீப்பாய் வந்தது. மரம், வெந்நீர், அடியில் அது. அல்லது அதுவல்ல. இன்னொரு முறை இழுத்தேன். இரண்டாம் மூச்சில் எதுவுமே தெரியவில்லை. திறந்திருந்த கொட்டகை வாசல் வழியாக, முற்றத்தின் அந்தக் கோடியில், ஜேபஸ் மண்வெட்டியால் நிலக்கரி அள்ளுவது தெரிந்தது. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நான் தலையசைத்தேன். நோவாவின் ஆள் பீப்பாயை உருட்டிக்கொண்டு போய், பழுக்கக் காய்ச்சிய மெட்ராஸ் முத்திரை இரும்பை அதன் தலையில் அழுத்தினான். மரம் கருகும் வாசனை கொட்டகை முழுக்கப் பரவி, அடுத்த பீப்பாயை நான் முகர முடியாமல் போயிற்று.